பைக்குள்ள நாலு கல்லு

டப், டப்னு ஒரு சத்தம் வரும்மா. தகர டப்பாவோட மூடி. மலை உச்சியில கல்லுக் குவியலுக்குள்ள சொருகி வெச்சிருப்பாங்களே, ஏறி வர்றவங்க பேரெழுதற நோட்டு இருக்கற டப்பா, அதைச் சரியா சாத்தலைன்னா காத்துல அடிச்சிக்கிட்டே இருக்கும். மூடுபனியில கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அந்தச் சத்தத்தைப் பிடிச்சிக்கிட்டே ஏறிடலாம். இத்தனை வருஷம் ஆச்சு, இப்பவும் பக்கத்து வீட்டு ஜன்னல் அடிச்சா எனக்குக் காலு வலிக்குது. நீங்க இப்ப வெச்சிருக்கறது பிளாஸ்டிக்காமே. அது சத்தம் போடாது. அதனாலதான் கேட்டேன், பழைய டப்பாவை என்ன பண்ணீங்கன்னு. ஓ, அதுவும் கண்காட்சியில இருக்கா. சரி.

உக்காரு இங்வில். காப்பியை ஜன்னல் மேடையிலயே வை. அந்தக் கல்லுங்களைக் கொஞ்சம் தள்ளிக்கோ. ஐயோ, கீழ எடுத்து வைக்காத, ஓரமாத் தள்ளினா போதும். நாலும் அங்கயே இருக்கட்டும். விசேஷமெல்லாம் ஒண்ணும் இல்ல, மலையில கெடக்கற கல்லுதான்.

நோட்டுக்குத்தானே வந்திருக்க. தெரியும். கடிதாசு போட்டீங்க, ரெண்டு தடவை போன் பண்ணீங்க. மலையேறற சங்கத்துக்கு நூறு வருஷம். எல்லா வருஷத்து நோட்டும் கெடைச்சாச்சு, ஸ்கார்வென் மலையோட அந்த ஒரு வருஷத்து நோட்டு மட்டும் காணோம். எங்க போகும். அறுபத்தாறு வருஷமா என்கிட்டதான் இருக்கு. எங்க அப்பாதானே அப்ப சங்கத்துச் செயலாளர். பனி விழறதுக்கு முன்னாடி பத்து மலைக்கும் போயி பத்து நோட்டையும் எறக்கிட்டு வருவாரு. குளிர்காலம் பூரா சாப்பாட்டு மேசையில பரப்பி வெச்சிக்கிட்டு ஒவ்வொரு பேரா சரிபார்ப்பாரு. ஸ்கூல்லயும் அவர்தானே ஹெட்மாஸ்டர், பரீட்சைத் தாள் திருத்தற மாதிரி. அதுல ஒண்ணு சங்கத்துக்குத் திரும்பிப் போகல. அவ்வளவுதான்.

தர்றேன்மா. தர மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன். நேத்தே எடுத்துத் தொடச்சு வெச்சாச்சு. இதோ, இந்த எண்ணெய்த் துணிக்குள்ள இருக்கு. மொதல்ல எனக்கு ஒண்ணு சொல்லு. பேப்பர்ல போட்டிருந்தாங்களே, நெசமா? ஞாயித்துக்கிழமை சின்னப் பசங்களுக்குப் போட்டியாமே. ஏழு வயசுக்குக் கீழ இருக்கறதுல யாரு மொதல்ல உச்சிக்குப் போயி தன் கையால பேரெழுதறாங்களோ, அவங்களுக்கு ஐவின் கோப்பை. எங்க தம்பி பேருல. அதை நான் மேடையில நின்னு குடுக்கணுமாமே.

உன் பையனும் போறானா? எத்தனை வயசு? அஞ்சா. ம். பேரு என்ன? அஸ்லாக். நல்ல பேரு. எழுதத் தெரியுமா? பரவால்லையே, அஞ்சு வயசுல.

இல்லம்மா, முகம் ஒண்ணும் மாறல. காப்பி சூடா இருந்தது.

உங்க சங்கத்துப் புத்தகத்துல எங்க அப்பாவைப் பத்தி நாலு பக்கம் எழுதியிருக்கீங்க. படிச்சேன். இந்த ஊரு பிள்ளைங்களுக்கு மலையைக் காட்டிக் குடுத்தவர்னு. சிரிப்புதான் வந்தது. மலையைக் காட்டல, முதுகைக் காட்டினாரு. ஏற ஆரம்பிச்சா திரும்பிப் பாக்க மாட்டாரு. பின்னாடி பொண்டாட்டி வருதா, புள்ளை வருதா, யாரு வீட்டு ஆடு வருதா, ஒண்ணும் தெரியாது. அந்தச் சாம்பக் கலர் கோட்டு முதுகைப் பாத்தே நான் வளந்தேன். முகத்தை விட முதுகுதான் எனக்கு நல்லா ஞாபகம்.

கல்லு விஷயம் புத்தகத்துல எழுதலையே ஏன்? உனக்குத் தெரியாதா? மேல போற எல்லாரும் கீழேர்ந்து ஒரு கல்லு எடுத்துட்டுப் போயி குவியல்ல வைக்கறது வழக்கம்தானே, இப்பவும் செய்யறீங்கல்ல. அப்பா அதைத் தண்டனையா மாத்திட்டாரு. கால் வலிக்குதுன்னா ஒரு கல்லு. குளுருதுன்னா ஒரு கல்லு. இன்னும் எவ்வளவு தூரம்னு கேட்டா ரெண்டு. அவரே நம்ம பையைத் தொறந்து உள்ள போடுவாரு, இந்த முஷ்டி அளவு. போட்டுட்டு, இப்ப இன்னும் கொஞ்சம் கனமா முனகலாம்னு சொல்லுவாரு. அவருக்கு அது ஜோக்கு. உச்சிக்குப் போனதும் ஒவ்வொண்ணா எடுத்துக் குவியல்ல வைக்கணும். ஒண்ணு கொறைஞ்சா வழியில தூக்கிப் போட்டுட்டோம்னு அர்த்தம். திருட்டுக் கழுதைம்பாரு. அவர் வாயில அதைவிடப் பெரிய வசவு கெடையாது. அடிச்சுட்டு வந்தாலும் பொறுத்துக்குவாரு, ஏமாத்தினா மட்டும் பொறுக்க மாட்டாரு. ஒரு தடவை ஸ்கூல்ல காப்பி அடிச்ச பையனைப் பனியில கோட்டில்லாம நிக்க வெச்சாரு. அந்தப் பையனோட அப்பாவே வந்து கைகொடுத்து நன்றி சொல்லிட்டுப் போனாரு. காலம் அப்படி.

அப்ப குடும்பக் கோப்பைன்னு ஒண்ணு இருந்தது. உங்க கண்காட்சியில இருக்கும், ஒரு கைப்பிடி வளைஞ்சு. வீட்ல ஆறு வயசு முடிஞ்ச அத்தனை பேரும் பத்து மலை நோட்டுலயும் தன் கையால எழுதியிருக்கணும், ஆகஸ்ட் கடைசி ஞாயிறுக்குள்ள. ரெண்டு வீடு முடிச்சா, எந்த வீட்ல கடைக்குட்டிக்கு வயசு கம்மியோ அந்த வீட்டுக்கு. நாலு வருஷமா எங்களுதுதான். அந்த வருஷம் மர மில் ட்வெய்ட் வீட்டுக்காரங்க விடாம துரத்திட்டே வந்தாங்க. அஞ்சு பிள்ளைங்க, எல்லாம் ஆட்டுக்குட்டி மாதிரி தாவும். கடைசிக்கு எட்டு வயசு. எங்க ஐவினுக்கு அந்த ஏப்ரல்லதான் ஆறு முடிஞ்சது. அதுவரைக்கும் அவன் யாரு கண்ணுலயும் படல. பிறந்தநாள் கேக்கு வெட்டின கையோட அப்பா சொன்னாரு, மூட்டை, இனிமே நீயும் சேத்திதான்னு. உருளைக்கிழங்கு மூட்டைன்னுதான் அவனைக் கூப்பிடுவாரு. கொஞ்சம் குண்டு, அவ்வளவுதான்.

ஒன்பது மலை எப்படியோ ஏத்தியாச்சு. யாரு ஏத்தினா? நான்தான். பன்னெண்டு வயசு எனக்கு. பின்னாடிலேர்ந்து தள்ளுவேன், கிள்ளுவேன். கிள்ளினா முனக முடியாது பாரு, முனகினா கல்லு. கண்ணுல தண்ணி மட்டும் வரும். பொய் சொல்லி என்ன ஆகப் போகுது, எனக்கு அவனைப் பிடிக்காதும்மா. அவன் பொறக்கற வரைக்கும் அம்மா என் அம்மாவா இருந்தா.

பத்தாவதுதான் ஸ்கார்வென். கடைசி ஞாயிறு. காலையில அப்படி ஒரு வெயில், சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டுக் கெளம்பினோம், நானும் அப்பாவும் ஐவினும். அம்மா ஏற்கெனவே ஜூலையில அந்த மலையை முடிச்சிட்டா. அன்னிக்கு அவளுக்கு மேற்குப் பக்கம் ஏரிக்கரைக் குடில்ல வாஃபிள் அப்பம் சுடற முறை. எல்லாரும் கிழக்கால ஏறி மேற்கால இறங்கி அங்கதானே போயி சாப்பிடுவாங்க.

பதினோரு மணிக்குக் கடல் பக்கமா வெள்ளையா ஒண்ணு எழும்பிச்சு. அரை மணியில மழை. அப்பறம் வெயில், பாறையெல்லாம் ஆவி விடுது. மழை நிக்கற நிமிஷம் அந்த மலையில ஒரு சத்தம் வரும் தெரியுமா, ஒளிஞ்சிருந்த ஓடையெல்லாம் ஒண்ணா வாயைத் தொறக்கற மாதிரி. ஐவின் நின்னு கேட்டான். யாரு அக்கா பேசறாங்கன்னான். அதுக்கு ஒரு கல்லு. நின்னதுக்கு. பன்னெண்டு மணிக்கு மறுபடி மழை, அதோட பனி கலந்து ஊசி மாதிரி. அவன் பூட்ஸுக்குள்ள தண்ணி. அதைச் சொன்னான், ஒரு கல்லு. விரல் வலிக்குதுன்னான், ஒரு கல்லு.

படகுப்பாறை தெரியுமில்ல உனக்கு? கவுத்துப் போட்ட படகு மாதிரி, அடியில ரெண்டு மூணு பேர் ஒண்டலாமே, அதான். அங்கேர்ந்து உச்சிக்கு அரை மணி. அங்கதான் உக்காந்துட்டான். வீட்டுக்குப் போலாம்பான்னான். அப்பா வந்து நாலாவது கல்லைப் போட்டாரு. மூட்டை, உனக்கு எதுக்கு வீடு, நேரா ட்வெய்ட் வீட்டுக்குப் போ, கோப்பையை உன் கையாலயே குடுத்துட்டு அங்கயே இருந்துக்கோன்னாரு. என்கிட்ட திரும்பி, நீ கூட்டிட்டு வா, முடியலைன்னா ரெண்டு பேருமே வர வேணாம்னாரு. போயிட்டாரு. பத்து அடியில மூடுபனி அவரை முழுங்கிடுச்சு.

அப்பறம் என்ன. உச்சி. பேரெல்லாம் எழுதியாச்சு. நானும் அப்பாவும் மேற்கால இறங்கினோம். குடில் கதவைத் தொறந்தா அம்மா மேசையில மூணு தட்டு வெச்சிருக்கா. மூணுலயும் சூடா வாஃபிள், ஒண்ணுல மட்டும் ஜாம் ரெண்டு கரண்டி. எங்க அவன்னு கேட்டா. ட்வெய்ட் பசங்களோட முன்னாடியே வந்துட்டானேன்னு அப்பா சொன்னாரு. ட்வெய்ட் குடும்பம் அந்த மூலையில உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கு. அவங்க எங்களைப் பாக்கறாங்க, நாங்க அவங்களைப் பாக்கறோம். வாயில இருந்ததை மெல்லாம அப்படியே வெச்சிருந்தா அந்த எட்டு வயசுக்காரி. அது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது.

ஆமா, உடனே தேட ஆரம்பிச்சிட்டாங்க. ஊரே வந்தது. ரெண்டு பேரு உச்சிக்கு ஓடி நோட்டை எடுத்துட்டு வந்தாங்க. அதுல அவன் பேரு. மணி ஒண்ணே முக்கால். ஐவின் எடது கைக்காரன். எழுதும்போது கை பட்டுப் பென்சில் எல்லாம் ஈஷிக்கும், எழுத்து மலை இறங்கற மாதிரி சரிஞ்சு போகும். அவன் எழுதிப் பழகற நோட்டை வீட்லேர்ந்து கொண்டாந்து பக்கத்துல வெச்சுப் பாத்தாங்க. அவன் எழுத்தேதான். அப்பா சொன்னாரு, என் புள்ளை உச்சிக்கு வந்தான், பேரெழுதியிருந்ததை நானே கண்ணால பாத்தேன்னு. போலீஸ்காரர் குனிஞ்சு என்கிட்ட கேட்டாரு, ஏம்மா, தம்பி மேல வந்து தானா எழுதினானான்னு. அப்பா எனக்குப் பின்னாடி நிக்கறாரு. நான் ஆமான்னு தலையாட்டினேன்.

அப்ப மேற்குப் பக்கம்தானே எங்கயோ போயிருக்கணும். அந்தப் பக்கம் பள்ளம், ஏரி. கயிறு கட்டி இறங்கினாங்க. படகு போட்டு ஏரியைக் கொக்கியால தொழாவினாங்க. மூணு நாளு. ட்வெய்ட்டு கைத்தோலெல்லாம் உரிஞ்சு போச்சு, அவர்தான் படகை விட்டு இறங்கவே இல்ல. நாலாம் நாள் ஓஸ்முன்னு ஒருத்தரு, ஆடு திரட்டப் போனவரு, கிழக்குப் பக்கம் போறாரு. நாய் படகுப்பாறைகிட்ட போயி நின்னு குரைக்குது.

இதெல்லாம்தான் உனக்கே தெரியுமே. பலகையில எழுதி வெச்சிருக்கீங்களே. ஆறு வயசுல ஸ்கார்வென் உச்சியைத் தொட்டு, பனியில வழிதப்பிக் கிழக்கால இறங்கி, தெரிஞ்ச பாறைக்கு வந்து ஒதுங்கினான்னு. எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. பாதிரியார் பிரசங்கமே பண்ணினாரு. அந்த அக்டோபர்ல கோப்பை எங்க வீட்டுக்குத்தான் வந்தது. ட்வெய்ட் எழுந்து நின்னு மொத ஆளா கை தட்டினாரு. அம்மா வரல. அம்மா என்கிட்ட ஒரே ஒரு தடவைதான் அதைப் பத்திப் பேசினா. ஒண்ணுதான் திரும்பி வரும்னா, அது அவனா இருந்திருக்கக் கூடாதான்னு. கோவமாக் கூட சொல்லல. உருளைக்கிழங்கு தோல் சீவிக்கிட்டே சொன்னா. அவ சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல.

அப்பறம் அவ்வளவுதான். அப்பா வேலையிலேர்ந்து ஓய்வு வாங்கினாரு. நானும் கல்யாணம் பண்ணிக்கல, இங்கயே இருந்து லைப்ரரியில வேலை பாத்தேன், அவருக்குச் சமைச்சுப் போட்டேன். முப்பத்தி மூணு வருஷம் அந்த மேசையில எதிரும் புதிருமா உக்காந்து சாப்பிட்டோம். ஊருல யாராவது வந்து, ஐவின் பெரிய வீரன் சார்ம்பாங்க. அவரு ஆமான்னு சொல்லுவாரு. சொல்லிட்டு என்னைப் பாப்பாரு.

ரசீதா? குடு, போடறேன். நோட்டை வாங்கிக்கிட்டதுக்கு நீ போடணும், குடுத்ததுக்கு நான் போடணுமா. நல்லா இருக்கு. இங்கயா? பேனா வேணாம், அந்தப் பென்சிலைக் குடு. இரு, இந்தக் கையில இல்ல. இந்தக் கையில.

இந்தா.

இல்லம்மா, ஐவின்னு தவறிப் போயி போடல. போர்கில்ட்னு என் பேரு எனக்குத் தெரியாதா. இப்ப துணியைப் பிரி. மெதுவா, ஓரமெல்லாம் உதிருது. ஆகஸ்ட் முப்பத்தொண்ணு. கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம். ஆங், அதுதான். இப்ப ரசீதை அது பக்கத்துல வெச்சுப் பாரு. எனக்கு வயசாயிடுச்சு, கொஞ்சம் நடுங்குது. மத்தபடி அதேதான், இல்ல? சரியறது, ஈஷறது எல்லாம்.

அவன் மேல வரவே இல்லம்மா.

ஏன் அப்படிப் பாக்கற. எழுந்திரிக்காத, காப்பி கொட்டிடும். அவன் எழுந்திரிக்கல, நானும் இழுத்துப் பாத்துட்டேன், கிள்ளிப் பாத்துட்டேன். அப்ப சொன்னேன், சரி, நீ இங்கயே உக்காரு, உன் பேரை நான் எழுதிட்டு ஓடி வந்துடறேன். நகராத. கத்தாத, கத்தினா அப்பாவுக்குக் கேட்டுடும், ரெண்டு பேரும் செத்தோம்னேன். சமத்தா சரின்னான். உச்சிக்குப் போனா டப்பா மூடி அடிச்சிக்கிட்டு இருக்கு. அப்பா குவியலுக்கு அந்தாண்ட காத்துக்கு ஒதுங்கி நிக்கறாரு. நான் என் பேரை எழுதினேன், அவன் பேரை எழுதினேன். அப்பா வந்து நோட்டைப் பாத்தாரு. சிரிச்சாரும்மா. மூட்டை ஏறிடுச்சேன்னு வாய்விட்டுச் சிரிச்சாரு. எங்க அவன்னாரு. இப்பதான் ட்வெய்ட் பசங்களோட வாஃபிளுக்கு ஓடினான்னேன். கல்லு வெச்சானான்னாரு. நாலும் வெச்சுட்டான்பான்னேன். குவியல்ல ஆயிரம் கல்லு, எதுன்னு பாக்கறது.

அங்கேர்ந்து ஓடிப் போயி அவனைக் கூட்டிட்டு, கிழக்கால இறங்கி, கரையோரமா சுத்திக் குடிலுக்கு வந்துடலாம்னு நெனச்சிருந்தேன். நெசமாத்தான். ஆனா அப்பா என் கையைப் பிடிச்சாரு. நல்ல பொண்ணு, நீதான் அவனை ஏத்தின, உன்னால ஆச்சுன்னாரு. அதுக்கு முன்னாடி அவர் என் கையைப் பிடிச்சதே கெடையாது. பெரிய கை, கதகதப்பா இருந்தது. அப்படியே பிடிச்சிக்கிட்டு மேற்கால இறங்கினாரு. கையை உருவிக்கிட்டு ஓடியிருக்கலாம். உருவல. கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம்னு போயிட்டே இருந்தேன். குடில் வந்துடுச்சு.

தெரியும்மா. அப்பறமாவது சொல்லியிருக்கலாம். போலீஸ்காரர்கிட்ட சொல்லியிருக்கலாம். மூணு நாளும் தினம் காலையில, இன்னிக்குச் சொல்லிடலாம்னுதான் எழுந்திருப்பேன். திருட்டுக் கழுதைன்னு அவர் சொல்லுவாரேங்கறதுதான் பயம். அந்தக் கை போயிடுமேன்னு. இதுதான் காரணம், வேற பெருசா ஒண்ணும் இல்ல. பெருசா ஏதாவது இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

அப்பாவுக்கா? தெரியும். ஓஸ்முன் அவனைக் கொண்டாந்த அன்னிக்குப் பையும் வந்தது. அடுப்படியில அப்பா அதைத் தொறந்தாரு. நான் வாசப்படியில நிக்கறேன். ஒரு கல்லை எடுத்து மேசையில வெச்சாரு. ரெண்டு. மூணு. நாலு. உச்சிக்குப் போனவன் பையில கல்லு எப்படி இருக்கும்? என்னைப் பாத்தாரு. நான் அவரைப் பாத்தேன். நாலையும் எடுத்துட்டுப் போயி அந்த ஜன்னல் மேடையில வரிசையா வெச்சாரு. அடுத்த மாசம் போயி கோப்பையை வாங்கிட்டு வந்தாரு. சாகற வரைக்கும் அந்தக் கல்லை நகர்த்த விட்டதில்ல, நான் தூசு தட்டும்போது கூட எண்ணுவாரு.

நோட்டை எடுத்துக்கோ. ரசீதையும் அதுலயே வெச்சுடு. கண்ணாடிப் பெட்டியில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. அந்தப் பலகையை மாத்தறதோ, மாத்தாம விடறதோ, உங்க சங்கத்துப் பாடு. உன் அஸ்லாக் கல்லுல உக்காந்துட்டான்னா நீயும் பக்கத்துல உக்காந்துக்கோ, வேற ஒண்ணும் நான் சொல்ல வரல.

என்ன கேட்ட? இல்லம்மா, அன்னிக்கேயெல்லாம் இல்ல. பாறைக்கடியில மழை படலையே, ஸ்வெட்டர் போட்டிருந்தான். டாக்டர் அப்பாகிட்ட சொன்னது எனக்குக் கேட்டது. செவ்வாய்க்கிழமை காலை வரைக்கும் உசிரோட இருந்திருக்கான்.